மேஜை ரம்பம் கருக்காமல் அறுக்க

கிருஷ்ணகிரிப் பக்கம் காவேரிப்பட்டணத்தில் பட்டறை போட்ட முதல் வருடம், கையில் இருந்த பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து 80 பல் பிளேடு ஒன்றை வாங்கினேன். பல் கூடினால் அறுப்பு சுத்தமாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தோப்பு அழித்தபோது வாங்கிப்போட்ட தோத்தாபுரி மாமரப் பலகை, ஒன்றரை அங்குலத் தடிப்பு. அதை நீளவாக்கில் கிழிக்க வைத்தேன். ஓர் அடி நகர்வதற்குள் புகை. பாகு தீய்ந்தது போல ஒரு வாடை. மோட்டார் முனகியது. வெளியே எடுத்துப் பார்த்தால் அறுத்த முகம் அடுப்பில் வைத்து எடுத்தது போல இருந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் அன்று முழுவதும் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிளேடு நல்ல பிளேடுதான். நான் இரண்டு தவறு செய்திருந்தேன். குறுக்கே அறுக்க வேண்டிய பிளேடால் நீளவாக்கில் கிழித்தது ஒன்று. மேஜையோடு பிளேடு நேராக நிற்கிறதா என்று ஒருமுறைகூட அளந்து பார்க்காதது இன்னொன்று. இப்போது புதிதாக மிஷின் வாங்கிவிட்டு "அண்ணா, எந்தப் பிளேடு நல்லது?" என்று கேட்டு வரும் தம்பிகளிடம், "முதலில் மூலைமட்டத்தை எடுத்துக்கொண்டு வா" என்றுதான் சொல்கிறேன். ஆனாலும் கேள்வி பிளேடைப் பற்றியது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிளேடின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

கார்பைடு (எஃகைவிடக் கடினமான பொருள்) முனை வைத்த எந்த நல்ல பிளேடின் வயிற்றிலும் சில எண்கள் அச்சிட்டிருக்கும். உதாரணமாக 254 × 3.2/2.2 × 25.4, 60 பல் என்று இருக்கலாம். 254 என்பது விட்டம், மில்லிமீட்டரில். அதாவது பத்து அங்குலம். 3.2 என்பது பல்லின் அகலம், மரத்தில் விழும் வெட்டும் அவ்வளவே. 2.2 என்பது நடுத்தகட்டின் தடிப்பு. 25.4 என்பது நடுத்துளை, ஒரு அங்குலத் தண்டுக்கு உரியது. அதன் பக்கத்தில் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை சுற்று என்றும் போட்டிருக்கும். எண்ணே இல்லாத பிளேடை நான் வாங்குவதில்லை.

துளை விஷயத்தில் ஏமாறாதீர்கள். 30 மில்லிமீட்டர் துளையுள்ள பிளேடு மலிவாகக் கிடைத்தால், அதற்கென்று கடைந்த வளையத்தைப் போட்டுத்தான் ஒரு அங்குலத் தண்டில் மாட்ட வேண்டும். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி இறுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளேடு மையத்தில் உட்காராது. ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் வேலை செய்யும்.

பல்லின் எண்ணிக்கை எதற்கு? நீளவாக்கில் கிழிக்கும்போது நார் நீள நீளமாகச் சுருண்டு வரும். அது தங்கி வெளியேறப் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே பெரிய குழி வேண்டும். பத்து அங்குல பிளேடின் சுற்றளவு சுமார் 80 சென்டிமீட்டர். 24 பல் என்றால் பல்லுக்குப் பல் 33 மில்லிமீட்டர் இடைவெளி. 80 பல் என்றால் 10 மில்லிமீட்டர்தான். என் மாமரப் பலகைக்குள் ஒரே நேரத்தில் நான்கைந்து பல் புகுந்து, தூளை வெளியே தள்ள இடமில்லாமல், அந்தத் தூளையே மறுபடி மறுபடி அரைத்துக்கொண்டிருந்தது. கருகாமல் என்ன செய்யும்?

குறுக்கே அறுக்கும்போது கதை வேறு. அங்கே நாரை ஒவ்வொன்றாகக் கத்தி போல நறுக்க வேண்டும். அதற்கு நிறையப் பல் வேண்டும், அதுவும் ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறிச் சாய்வாகத் தீட்டிய பல். கிழிக்கும் பிளேடில் பல்லின் தலை தட்டையாக, உளி போல இருக்கும். கடையில் பிளேடைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியும். மூன்றாவது ஒரு வகையும் உண்டு: ஒரு பல் இரு மூலையும் மழுங்கச் சீவியது, அடுத்த பல் தட்டை. மைக்கா ஒட்டிய பலகைக்கும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்.புக்கும் அதுதான் தாக்குப்பிடிக்கும்.

பல் முன்னால் சாய்ந்திருக்கும் கோணத்தையும் பாருங்கள். கிழிக்கும் பிளேடில் சுமார் 20 டிகிரி. மரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். குறுக்கு அறுப்புக்கு 10 முதல் 15 போதும்.

புதியவர் என்னதான் வாங்குவது? "எல்லாவற்றுக்கும் ஒன்று" என்று 40 பல் பிளேடைக் கையில் கொடுப்பார்கள். மோசமில்லை. ஆனால் என் அபிப்பிராயம், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு 24 பல் ஒன்று, 60 பல் ஒன்று என்று இரண்டாக வாங்கிவிடுங்கள். பிளேடு மாற்ற ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்குச் சோம்பல்பட்டுத்தான் பாதிப் பலகை பாழாகிறது. 60 பல், ப்ளைவுட்டுக்கும் கதவுச் சட்டத்தைத் துண்டு போடவும் போதுமானது. 80 பல் பிளேடு மைக்கா வேலை நிரந்தரமாக வரத் தொடங்கிய பிறகு.

ஒன்றரை, இரண்டு குதிரைத்திறன் மோட்டார் வைத்திருப்பவர்கள் 2.4 மில்லிமீட்டர் வெட்டுள்ள மெல்லிய பிளேடை எடுக்கலாம். 3.2-ஐவிடக் கால் பங்கு மரம் குறைவாக அறுபடும், மோட்டாருக்கு மூச்சு வாங்காது. சூடேறினால் மெல்லிய தகடு கொஞ்சம் நெளியும் என்பது அதன் குறை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிரானைட் ஊர் இது. நான் போகும் ஹார்டுவேர் கடையில் மரத்துக்கான பிளேடைவிடக் கல் அறுக்கும் வைர பிளேடுதான் அதிகம் தொங்கும். பல்லில்லாத விளிம்புள்ள அதை மரத்துக்கு மாட்டினால் அறுக்காது, எரிக்கும். அதைவிட ஆபத்து, நான்கு அங்குல மர பிளேடைக் கல் கட்டரிலோ கிரைண்டரிலோ மாட்டுவது. கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். மரத்தில் சிக்கினால் கையில் நிற்காது. இந்த ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: வேண்டாம்.

நம் மரங்களின் குணம்

மாமரம் மென்மை என்று நினைத்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். அதில் சிலிக்கா அதிகம், பல் சீக்கிரம் மழுங்கும். நாரும் இங்குமங்கும் பின்னி ஓடும். சாய்ந்து வளர்ந்த மரமாக இருந்தால், அறுக்க அறுக்கவே பலகை வளைந்து பிளேடை இறுக்கிப் பிடிக்கும். ஈரம் காயாத பலகை இன்னும் மோசம். தேக்கும் அப்படித்தான்: கை வைத்தால் எண்ணெய்ப் பதம், ஆனால் அதிலும் சிலிக்கா. புளி வேறு ஜாதி. இறைச்சிக்கடையில் கொத்துவதற்கு ஏன் புளியங்கட்டையை வைக்கிறார்கள் என்று யோசித்தால் போதும். வைரம் பாய்ந்த புளியை ஒரே தடவையில் முழு ஆழத்துக்கு அறுக்காதீர்கள். பாதி உயரத்தில் ஒருமுறை, பிறகு முழு உயரத்தில் ஒருமுறை. வேம்பு அறுக்கத் தொந்தரவில்லை. பிசின் மட்டும் பல்லில் ஏறும்.

இனி மிஷின்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக் உங்கள் கண்ணுக்கு எதிரே கிடக்க வேண்டும்.

கம்பெனி மிஷின் வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. இந்தப் பக்கத்தில் பலரிடம் இருப்பது லேத் பட்டறையில் சொல்லிச் செய்த மிஷின்: ஆங்கிள் சட்டம், இரும்புத் தகட்டு மேஜை, இரண்டு பேரிங் பிளாக்கில் ஓடும் தண்டு, கீழே பெல்ட் போட்ட மோட்டார். அதையும் சீராக்க முடியும். என்னுடையதும் அதுதான்.

முதலில் வேகம். மோட்டாரின் பெயர்த்தகட்டில் 1440 என்றிருக்கிறதா, 2880 என்றிருக்கிறதா என்று பாருங்கள். பழைய மோட்டார் பம்பிலிருந்தோ மாவு மில்லிலிருந்தோ வந்திருந்தால் 1440 ஆக இருக்க வாய்ப்புண்டு. இரண்டு புல்லியும் ஒரே அளவென்றால் பத்து அங்குல பிளேடின் பல் நொடிக்கு 19 மீட்டர்தான் ஓடும். கார்பைடு பிளேடு மரத்தில் சுத்தமாக அறுக்க 50 மீட்டராவது வேண்டும். 2880 மோட்டாரில் நான்கு அங்குலப் புல்லி, தண்டில் மூன்று அங்குலப் புல்லி என்று போட்டால் 3,840 சுற்று வரும். பல்லின் வேகம் 51 மீட்டர். பிளேடில் எழுதிய உச்சச் சுற்றைத் தாண்டாமல் கணக்குப் போடுங்கள். சுருட்டி வைத்த மெல்லிய நீள ஒயரில் மின்சாரம் இழுத்தாலும் மோட்டார் தளரும். தடித்த ஒயர், குறைந்த நீளம்.

அடுத்து, பிளேடு ஆடுகிறதா? ஒரு கட்டையில் பென்சிலைக் கட்டி மேஜையில் கவ்வி, முனை பிளேடின் தகட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். கையால் மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் உரசினால் அந்த இடத்தில் பிளேடிலும், அதைப் பிடித்திருக்கும் வாஷரிலும் சாக்பீஸால் ஒரே நேர்கோடாகக் குறி போடுங்கள். இப்போது நட்டைத் தளர்த்தி பிளேடை மட்டும் அரைச்சுற்று திருப்பி இறுக்கி மறுபடி சுற்றிப் பாருங்கள். உரசல் பிளேடின் குறியோடு போய்விட்டால் பிளேடு வளைந்திருக்கிறது. வாஷரின் குறியிலேயே நின்றால் வாஷரிலோ தண்டிலோ குறை. பெரும்பாலும் வாஷரின் முகத்தில் ஒட்டிய மரத்தூளும் ஒரு சின்னப் பிசிறும்தான். பிசிறை எண்ணெய்க்கல்லில் தேய்த்து எடுத்தால் தீர்ந்தது. என் மிஷினில் மூன்று மாதம் ஆடிய பிளேடுக்குக் காரணம் கடுகளவு பெயின்ட் துளி.

பிறகு வருவதுதான் எல்லாவற்றுக்கும் தாய்: பிளேடு, மேஜையில் முன்னிருந்து பின்னாக ஓடும் காடிக்கு (நீளப் பள்ளத்துக்கு) இணையாக நிற்க வேண்டும். குறுக்கே அறுக்கும்போது பலகையைத் தாங்கித் தள்ள, காடியில் ஓடும் கோணக் கைப்பிடி இருக்கிறதே, அதில் ஒரு கட்டையைக் கவ்வி, அதன் முனையில் ஒரு பித்தளை ஸ்குரூவை முறுக்குங்கள். பிளேடில் ஒரு பல்லுக்கு மட்டும் குறி வையுங்கள். அந்தப் பல்லை உங்கள் பக்கம் கொண்டுவந்து, ஸ்குரூ அதைத் தொடும்வரை திருகுங்கள். இப்போது அதே பல்லைப் பின்பக்கம் சுழற்றி, கைப்பிடியையும் பின்னால் தள்ளுங்கள். அங்கேயும் அதேபோல் தொட வேண்டும். ஏன் அதே பல்? பிளேடு கொஞ்சம் ஆடினாலும் அந்த ஆட்டம் கணக்கில் வராது.

இடைவெளி இருந்தால் சாதாரண எழுதும் தாளை நுழைத்துப் பாருங்கள். ஒரு தாள் சுமார் 0.1 மில்லிமீட்டர். ஒரு தாள் நுழைந்தால் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டு தாள் நுழைந்தால் கூடாது. இடைவெளி இல்லாமல் ஸ்குரூ இடித்து நின்றாலும் பிழைதான், எதிர்த்திசையில். சரிசெய்ய, பேரிங் பிளாக் ஒன்றின் போல்ட்டுகளை அரைத்திருகு தளர்த்தி, மரச்சுத்தியால் தட்டி, இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போதே மறுபடி நகரும். அதைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். எனக்கு முதல்முறை ஒரு மத்தியானம் முழுவதும் போனது. முடிந்ததும் பெல்ட் நேராக ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளேடு காடியோடு நேரானதும், பலகையை அணைத்துத் தள்ளும் கைடையும் அதே காடியோடு நேராக்குங்கள். முன்னும் பின்னும் காடியிலிருந்து ஒரே தூரம். கைடின் பின்முனை ஒரு தாள் அளவு பிளேடைவிட்டு விலகியிருந்தால் நல்லது. பிளேடுப் பக்கம் நெருங்கியிருக்கவே கூடாது. நெருங்கினால் பலகை பிளேடுக்கும் கைடுக்கும் நடுவே நசுங்கி, பின்பற்களில் ஏறி, உங்கள் வயிற்றை நோக்கி எகிறி வரும். எகிறி வரும் பலகையைக் கையால் தடுக்க யாராலும் முடியாது.

அதற்காகத்தான் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கிறது. கழற்றி மூலையில் போடாதீர்கள். அது பல்லின் வெட்டைவிட மெல்லியதாகவும் நடுத்தகட்டைவிடத் தடித்ததாகவும் இருக்க வேண்டும்: 3.2/2.2 பிளேடுக்கு இரண்டரை முதல் 2.8 வரை. மெல்லிய பிளேடு மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிட்டு, பலகை பாதியில் நின்றுவிட்டது என்று வருவார்கள்.

செங்குத்தைப் பார்க்கும்போது மூலைமட்டத்தைப் பல்லில் வைக்காமல் தகட்டில் வையுங்கள். பல் வெளியே துருத்தியிருக்கும், பொய் சொல்லும். மேஜை தட்டையா என்பதற்கு ஊருக்கே உரிய ஒரு வழி இருக்கிறது: பாலீஷ் பட்டறையில் கழித்த நீளமான கிரானைட் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, அதன் பாலீஷ் முகத்தை மேஜையில் கவிழ்த்து வையுங்கள். அடியில் தாள் எங்கே நுழைகிறது என்று தேடுங்கள். என்னிடம் இருப்பது மூன்றடிக் கறுப்புத் துண்டு. கடையில் வாங்கிய இரும்பு ஸ்கேலைவிட அதைத்தான் நம்புகிறேன்.

சிலாம்பு பெயராமல் இருக்க

பிளேடைச் சுற்றி மேஜையில் இருக்கும் வாய் அகலமாக இருந்தால், பல் கீழே இறங்கும் இடத்தில் நாருக்குத் தாங்கல் இருக்காது, பிய்த்துக்கொண்டு போகும். அந்த வாய்க்கு ஒரு புது மூடி செய்யுங்கள். பழைய மூடியை அச்சாக வைத்து, மேஜை மட்டத்துக்கு வரும் தடிப்பில் நல்ல ப்ளைவுட்டை அதே வடிவில் வெட்டுங்கள். பிளேடை முழுவதும் கீழே இறக்கி மூடியைப் போட்டு, மேலே குறுக்காக ஒரு ரீப்பரை வைத்து மேஜையின் இரு ஓரத்திலும் கவ்விவிடுங்கள், ரீப்பர் பிளேடு எழும் பாதைக்குத் தள்ளியே இருக்கட்டும். மிஷினை ஓடவிட்டு, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி பிளேடை மேலே ஏற்றுங்கள். மூடியைத் தானே கிழித்துக்கொண்டு பல் எழுந்து வரும். பிளேடின் அகலம் எவ்வளவோ அவ்வளவே பிளவு. பிறகு பிளக்கைப் பிடுங்கி, பின்தகடு நிற்க வேண்டிய இடத்தை மட்டும் கைரம்பத்தால் நீட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிளேடுக்கும் தனி மூடி. அரைமணி வேலை, 60 பல் பிளேடில் ப்ளைவுட் அடிப்பக்கம் சிலும்புவது ஏறக்குறைய நின்றுபோகும்.

மேஜை ரம்பத்தில் பல் மேலிருந்து கீழே இறங்குகிறது. ஆகவே நல்ல முகம் மேலே இருக்க வேண்டும். கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்தில் தலைகீழ்: நல்ல முகம் கீழே. மைக்கா ஒட்டிய பலகையில் முதலில் பிளேடை இரண்டு மில்லிமீட்டர் மட்டும் உயர்த்தி, கீழே போக வேண்டிய முகத்தை ஒருமுறை கீறிவிட்டு, பிறகு பிளேடை உயர்த்தி அதே கைடு அளவில் முழுதாக அறுத்தால் ஓரம் கண்ணாடி போல வரும்.

உயரம்? பல்லின் குழி பலகைக்கு மேல் தெரிந்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் விரல் போகும் வாய்ப்புதான் கூடும்.

அறுத்த முகத்தைப் படியுங்கள்

இப்போது ஒரு பழைய பலகையை அறுத்துப் பாருங்கள். காதிலும் கண்ணிலும் கவசம், மூக்குக்கு முகமூடி. மரத்தூளைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கையுறை வேண்டாம், நூல் சிக்கினால் கையையே இழுக்கும். பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். கடைசி ஒரு சாணுக்குத் தள்ளுகட்டைதான், கை இல்லை. குறுக்கு அறுப்பில் கைடையும் கோணக் கைப்பிடியையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். அறுபட்ட துண்டு இரண்டுக்கும் நடுவே மாட்டி எகிறும்.

அறுத்த முகத்தில் கைடுப் பக்கம் மட்டும் கருகியிருந்தால் கைடின் பின்முனை உள்ளே சாய்ந்திருக்கிறது. இரு பக்கமும் கருகியிருந்தால் மழுங்கிய பல், அல்லது அந்த வேலைக்கு அதிகப் பல், அல்லது நீங்கள் பயந்து பயந்து தள்ளியது. பலகையை நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினால் அந்த இடத்தில் கறுப்புப் பிறை ஒன்று விழும். வளைவான கீறல்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டினால் பின்பற்களும் மரத்தைத் தொடுகின்றன. மறுபடி தாளை எடுத்துக்கொண்டு காடிக்குப் போங்கள்.

90 டிகிரி உண்மையா என்பதற்குக் கருவி வேண்டாம். இரு ஓரமும் இணையான பலகையைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டை மட்டும் புரட்டிப்போட்டு, இரண்டையும் அந்தக் கிரானைட்டின் நேரான ஓரத்தில் சாய்த்து அறுத்த முனைகளைச் சேருங்கள். வெளிச்சம் தெரிந்தால் பிழை, தெரியும் இடைவெளி உண்மைப் பிழையைப்போல் இரு மடங்கு.

பல்லில் பிசின் ஏறிக் கறுத்திருந்தால் உடனே சாணைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாதிப் பிளேடு அழுக்கால்தான் மழுங்கியது போலத் தெரிகிறது. வெதுவெதுப்பான நீரில் துணிச்சோப்புத் தூளைக் கரைத்து அரைமணி ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடையுங்கள். காஸ்டிக் சோடா கூடாது. கார்பைடையும், அதைத் தகட்டோடு பற்றவைத்த இடத்தையும் அரிக்கும்.

சுத்தம் செய்த பிறகும் கருகினால் சாணைதான். அப்பா காலத்து எஃகு பிளேடை முக்கோண அரத்தால் தீட்டிவிடலாம். கார்பைடில் அரம் பிடிக்காது, வைரச் சக்கரம் வேண்டும். நான் ஓசூருக்கு அனுப்புகிறேன். அனுப்பும்போது இரு பக்கமும் அட்டை வைத்துக் கயிற்றால் கட்டி, இரண்டு பிளேடு இருந்தால் நடுவிலும் ஓர் அட்டை வையுங்கள். ஒருமுறை வெறும் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோனேன். கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் ஒன்றோடொன்று மோதி மூன்று பல்லின் முனை உடைந்திருந்தது.